ஆட்டம் நடத்துவோர் கையிலும் தராசு உண்டு



பருப்பு விலை, லாரி வாடகை, வரிக் கணக்கு என்றே இவ்விதழில் எழுதி வந்த நாம் இம்முறை ஒரு விளையாட்டைப் பற்றி எழுத எண்ணினோம். 'அண்ணாச்சி மண்டியைப் பையனிடம் விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார் போலிருக்கிறது' என்று யாரும் நினைக்க வேண்டாம். இதுவும் கொடுக்கல் வாங்கல் பற்றிய சங்கதிதான்.

ஆண்டுதோறும் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும், தென்காசி வட்டாரத்தில் நம் கடைகளுக்கு ரசீதுப் புத்தகத்தோடு இளைஞர்கள் வருவது வழக்கம். கேரம் போட்டி, கபடிப் போட்டி, கைப்பந்துப் போட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். கல்லாவில் இருந்து நூறோ, ஐநூறோ, கொஞ்சம் பெரிய கடை என்றால் ஆயிரமோ எடுத்துக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்தது. போட்டி எப்படி நடந்தது, பரிசுப் பணம் முழுதாகக் கொடுக்கப்பட்டதா, தோற்றுப் போன பையன் என்ன மனநிலையில் வீட்டுக்குப் போனான் என்று நாம் கேட்பதில்லை. ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினால் கைவிட்டுப் பார்க்காமல் வாங்குவோமா? இதில் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

இப்படி யோசிக்க வைத்தது நம் பேரன் காட்டிய ஒரு காட்சி.

பத்துக் கோடி ரூபாய் அம்பு

2026 ஜனவரி 4ஆம் தேதி காலை, மண்டி திறக்கும் நேரத்தில் பேரன் கைபேசியை நீட்டினான். "தாத்தா, இந்தப் பையனுக்கு வயசு பதினெட்டு. நேத்து ராத்திரி சுவத்துல அம்பு எறிஞ்சு பத்துக் கோடிக்கு மேல ஜெயிச்சிருக்கான்" என்றான். நாம் நம்பவில்லை. பிறகு விசாரித்தபோது அது உண்மைதான் என்று தெரிந்தது.

அந்த ஆட்டத்துக்கு டார்ட்ஸ் என்று பெயர். இங்கிலாந்தின் மதுக்கடைகளில், வேலை முடிந்த தொழிலாளிகள் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம். லண்டனில் அலெக்சாண்டிரா பேலஸ் என்ற மண்டபத்தில் ஆண்டுதோறும் டிசம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை உலகப் போட்டி நடக்கிறது. 2026 ஜனவரி 3 அன்று முடிந்த போட்டியில் லூக் லிட்லர் என்ற பதினெட்டு வயது இளைஞர் வென்றார். முதல் பரிசு 10 லட்சம் பவுண்டு. நம் பணத்தில் பத்துக் கோடிக்கு மேல்.

ஆட்டம் எளிதானது. ஒன்றரை அடி அகலமுள்ள வட்டப் பலகை. கற்றாழை வகையைச் சேர்ந்த சைசால் நாரை இறுக அழுத்திச் செய்தது. அம்பைப் பிடுங்கியதும் நார் மறுபடி கூடி ஓட்டையை மூடிக்கொள்ளும். பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆடுபவர் பலகையிலிருந்து 2.37 மீட்டர் தள்ளிக் கோட்டுக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும். உலகத்தில் எந்த ஊரில் போட்டி நடந்தாலும் இந்த இரண்டு அளவும் மாறாது.

பலகையில் 20 பிரிவுகள். அதிக மதிப்புள்ள 20-க்கு இரு புறமும் 1-ம் 5-ம் இருக்கின்றன. பெரிய லாபத்துக்கு ஆசைப்பட்டு நூலளவு விலகினால் ஒன்றோ ஐந்தோதான் கிடைக்கும். உள்ளே உள்ள குறுகிய வளையத்தில் குத்தினால் மூன்று மடங்கு, வெளி விளிம்பு வளையத்தில் குத்தினால் இரண்டு மடங்கு. ஒரு முறைக்கு மூன்று அம்பு. மூன்றையும் 20-இன் மூன்று மடங்கில் குத்தினால் 180. அதற்கு மேல் கிடையாது.

கணக்கு வைக்கும் முறை நமக்கு உடனே விளங்கக் கூடியது. ஆட்டம் தொடங்கும்போதே இருவர் பெயரிலும் 501 கடன் எழுதி விடுகிறார்கள். எறிந்து எறிந்து அந்தக் கடனைக் கழிக்க வேண்டும். சரியாகப் பூஜ்யத்தில் முடிய வேண்டும். கடைசி அம்பு இரண்டு மடங்கு வளையத்திலோ நடுப்புள்ளியிலோ குத்த வேண்டும். கூடுதலாகக் கழித்துவிட்டால் அந்த முறை எறிந்தது செல்லாது. பழைய பாக்கியே நிற்கும். பெரிய தொகையை வேகமாக அடைத்துவிட்டுக் கடைசி நாற்பது ரூபாய் பாக்கியில் மாட்டிக் கொள்ளும் வாடிக்கையாளரைப் போல, முன்னால் போனவர் கடைசிக் கணக்கில் தவறித் தோற்பது அங்கே அன்றாடக் காட்சி.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு நடுவர் நிற்கிறார். ஒவ்வொரு மூன்று அம்புக்கும் எவ்வளவு என்பதைக் கூடம் முழுதும் கேட்கும்படி உரக்கச் சொல்கிறார். ஆட்டக்காரர் கணக்கு, நடுவர் கணக்கு, பார்வையாளர் கணக்கு என்று மூன்று கணக்குக் கிடையாது. சொன்ன மாத்திரத்தில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. அம்பு கம்பியில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தால் அதற்கு மதிப்பில்லை; அதில் வாதமும் இல்லை.

முதல் சுற்றில் தோற்றவனுக்கும் பங்கு

நம்மைக் கவர்ந்தது பத்துக் கோடி அல்ல. மற்றவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான்.

2026 போட்டியில் மொத்தம் 128 பேர் ஆடினார்கள். மொத்தப் பரிசு 50 லட்சம் பவுண்டு. வென்றவருக்கு 10 லட்சம். அதாவது ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டாமவருக்கு 4 லட்சம். முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறிய 64 பேருக்கும் ஆளுக்கு 15 ஆயிரம். பெருக்கிப் பாருங்கள்: 64 பேருக்கும் சேர்த்து 9 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு. வாகை சூடியவர் வாங்கியதும், முதல் சுற்றில் வெளியேறியவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கியதும் ஏறக்குறைய ஒன்று! ஒரு தொழில் நிலைக்க வேண்டுமானால் முதலாளி மட்டும் வாழ்ந்தால் போதாது, தரகரும் லாரிக்காரரும் சில்லறைக் கடைக்காரரும் வாழ வேண்டும் என்பது நாம் அறிந்த பாடம். அதை அம்பு எறிகிறவர்கள் கற்றிருக்கிறார்கள்.

யார் ஆடலாம் என்பதிலும் சிபாரிசு செல்லாது. 128 பேருக்கு இரண்டு ஆண்டுக்குச் செல்லும்படி ஆட்ட உரிமம் கொடுக்கிறார்கள். இவர்களுக்கென்று ஆண்டு முழுதும் சிறு போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் பல, பார்வையாளரே இல்லாத கூடங்களில், வரிசையாக மாட்டிய பலகைகளில், காலையில் தொடங்கி இரவுக்குள் முடிபவை. தரவரிசைக்கு அளவுகோல் பரிசுப் பணம்தான். கடந்த இரண்டு ஆண்டில் யார் எவ்வளவு பரிசு பெற்றார் என்பதைக் கூட்டி வரிசைப்படுத்துகிறார்கள். இரண்டு ஆண்டு கடந்த தொகை கணக்கிலிருந்து விழுந்துவிடும். பழைய பெருமையைச் சொல்லி அங்கே கடன் வாங்க முடியாது. உரிமம் முடியும்போது முதல் 64 இடத்துக்குள் இல்லாதவர், வேறு தகுதியும் இல்லையென்றால், புதியவர்களோடு வரிசையில் நின்று தேர்வுப் போட்டியில் ஆடி மறுபடி உரிமம் பெற வேண்டும்.

உலகப் போட்டிக்குப் பிற நாடுகளிலும் தகுதிப் போட்டி வைக்கிறார்கள். நம் நாட்டு நிதின் குமார் அந்த மேடை ஏறி ஆடியிருக்கிறார். ஆண், பெண் பேதமும் இல்லை. 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக் என்ற பெண்மணி ஆண் ஆட்டக்காரரை வென்றார். அந்தப் போட்டியில் பெண் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை.

சண்டையில் பிறந்த ஒழுங்கு

இதெல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1978-இல் முதல் உலகப் போட்டி நடந்தபோது வென்ற லெய்டன் ரீஸ் என்பவருக்குக் கிடைத்தது 3 ஆயிரம் பவுண்டு. பிறகு தொலைக்காட்சியால் ஆட்டம் வளர்ந்தது. 1980களின் இறுதியில் தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும்பாலான போட்டிகளைக் கைவிட்டன. ஆட்டக்காரர்களுக்கு வருமானம் குறைந்தது. நிர்வாகம் செய்த பழைய சங்கம் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று முன்னணி ஆட்டக்காரர்களுக்குக் குறை. 1992-இல் தனிச் சங்கம் அமைத்தார்கள். 1993-இல் பதினாறு பேர் பிரிந்து வந்தார்கள். 1994-இல் சொந்தமாக உலகப் போட்டி நடத்தினார்கள். வழக்கு நீதிமன்றம் போய், 1997-இல் சமரசத்தில் முடிந்தது. இன்று பெரிய பரிசுப் போட்டிகள் எல்லாம் பிரிந்து வந்த அந்தச் சங்கத்தின் வழியில் வந்தவையே.

அம்பு அதே அம்பு; பலகை அதே பலகை; எறிந்த கைகளும் அதே கைகள். நடத்தும் முறை மாறியது. ஆட்டம் பிழைப்பாக மாறியது. சரக்கு நல்லதாயிருந்தும் கடை நொடித்துப் போவதையும், அதே சரக்கை வேறொருவர் எடுத்து நடத்திச் செழிப்பதையும் நம் கடைவீதியிலேயே பார்த்திருக்கிறோமே!

ஒன்றை மட்டும் அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே பந்தயச் சூது நடத்தும் கம்பெனிகளே போட்டிக்குப் பணம் போடுகின்றன. நம் ஊருக்கு அது ஆகாது.

நம் வீட்டுப் பலகை

'டார்ட்ஸ் எல்லாம் நமக்கு எதற்கு' என்று கேட்கலாம். நமக்கு அதே போன்ற ஆட்டம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதுதான் கேரம். டார்ட்ஸுக்கு மதுக்கடை என்றால் கேரத்துக்குத் தெருமுனை மன்றம். பெரிய மைதானம் வேண்டாம். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை போதும். விரலும் கண்ணும் கணக்கும் இருந்தால் ஏழையும் அரசனாகலாம்.

கேரத்தில் தமிழ்நாட்டுக்கு உள்ள இடம் நம்மில் பலருக்குத் தெரியாது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991-இல் டில்லியில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்றவர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம். 1995-இலும் அவரே உலக வாகையர். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. 2008-இல் பிரான்ஸ் நாட்டில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் பட்டம் வென்ற இளவழகி, சென்னை வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது.

மகிழ்ச்சிதான். ஆனால் வியாபாரி கண்ணோடு பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. ஜெயித்த பிறகு கொடுப்பது வெகுமதி. ஜெயிக்கும் வரை சோறு போடுவது ஏற்பாடு. டார்ட்ஸில் அந்த ஏற்பாடு இருக்கிறது. கேரத்தில் எண்ணெய் நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி. போன்றவை நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து ஆதரித்திருக்கின்றன. மற்றவர்களுக்கு ஊர்தோறும் நடக்கும் சின்னச் சின்னப் போட்டிகளே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டைக் கட்டுவது யார்? ரசீதுப் புத்தகத்தில் பெயர் எழுதும் நாம்தான். படி கோணலானால் பழியில் நமக்கும் பங்கு உண்டு.

இரண்டு முறை குலுக்கிய டின்

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள மனசாட்சி இடம் தரவில்லை. நம்முடைய தவற்றையே சொல்கிறோம்.

1996 சாரல் காலம். நம் தெருவில் கேரம் போட்டி. முதல் பரிசு நாம் கொடுத்தது. ஆகவே போட்டித் தலைவரும் நாமே. நம் மைத்துனர் அப்போது இளைஞர். அவரும் பெயர் கொடுத்திருந்தார். நம் மண்டியில் மூட்டை தூக்கிய ஒரு இளைஞரும் பெயர் கொடுத்திருந்தார். பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு, இரவில் மன்றத்து விளக்கடியில் ஆடிப் பழகியவர். அவர் விரலைப் பார்த்தவர்கள் அவர்தான் ஜெயிப்பார் என்று பேசிக்கொண்டார்கள்.

யாருக்கு யார் என்று குலுக்கல். காலி டால்டா டின்னில் சீட்டுகளைப் போட்டு நாமே எடுத்தோம். மைத்துனர் சீட்டை அடுத்து வந்தது மூட்டை தூக்கும் தம்பியின் சீட்டு. முதல் சுற்றிலேயே இருவரும் மோத வேண்டும். வீட்டில் மனைவி முகம் நினைவுக்கு வந்தது. "சரியாக் குலுக்கல போலிருக்கு" என்று சொல்லிச் சீட்டை உள்ளே போட்டு மறுபடி குலுக்கினோம். யாரும் வாய் திறக்கவில்லை. பணம் கொடுத்தவரிடம் யார் கேட்பார்கள்?

மறு குலுக்கலில் அந்தத் தம்பிக்கு வாய்த்தவர், வெளியூரிலிருந்து வந்த பழுத்த ஆட்டக்காரர். போர்டும் மூன்றாம் எண், திண்ணை ஓரத்தில் போட்டது. சாரல் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நம் ஊர்ச் சாரல் தெரியுமே. உப்பு மூட்டை கசியும், அப்பளக் கட்டு நமுத்துப் போகும். போர்டு மட்டும் தப்புமா? பவுடர் திட்டுத் திட்டாய் ஒட்டியது. ஒரு மூலை லேசாக உப்பி, ஓடி வந்த காய் பாக்கெட் வாசலில் நின்றது. மூன்றாவது ஆட்டம் வரை போராடித் தோற்றார். போர்டு ஈரம் என்று அவர் சொன்னபோது, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அன்று கூடம் கோணல்தான் என்பது நமக்குத் தெரியும்.

மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்கு வந்தார். முதல் மூட்டைக்குக் கீழே குனிவதற்கு முன் ஒரே ஒரு பேச்சு:

"அண்ணாச்சி, நம்ம தராசுல ஒரு கிராம் குறைஞ்சு நான் பார்த்ததில்ல. டின்ன மட்டும் ரெண்டு தடவ குலுக்கிட்டீங்க."

அவ்வளவுதான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் அவர் ஆடி நாம் பார்க்கவில்லை. மைத்துனரும் ஜெயிக்கவில்லை, அரையிறுதியில் தோற்றார். யாருக்காகத் தராசைச் சாய்த்தோமோ அவருக்கும் பலனில்லை.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

இந்த ஆண்டு சாரலில் நாமே ஒரு கேரம் போட்டி நடத்தலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. நல்ல யோசனை. நாம் நடத்தினாலும் சரி, பிறர் நடத்த நாம் பணம் கொடுத்தாலும் சரி, கீழ்க்கண்டவற்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது நம் பணிவான கருத்து.

1. அளவு. நம் எடைக்கல்லுக்கு முத்திரை இருப்பதுபோல் போர்டுக்கும் அளவு உண்டு. ஆடுகளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம். பாக்கெட் 4.45 சென்டிமீட்டர் வட்டம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் கூடாது. காய் ஒன்று 5 முதல் 5.5 கிராம். நகைக்கடைத் தராசில் ஐந்து நிமிடத்தில் நிறுத்துவிடலாம். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி நான்கு மூலையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

2. இடம். சாரல் காலத்தில் பந்தலும் திண்ணையும் உதவாது. கதவடைத்த மண்டபம் வேண்டும். ஒவ்வொரு போர்டுக்கும் மேலே மறைப்பு போட்ட விளக்கு தனித்தனியாக வேண்டும். ஈரம் பட்ட பவுடரைத் தயங்காமல் மாற்ற வேண்டும்.

3. குலுக்கல். எல்லோர் கண் முன்னாலும், ஒரே ஒரு முறை. பணம் கொடுத்தவரோ அவர் உறவினரோ டின்னைத் தொடக் கூடாது. யார் யாரோடு என்ற பட்டியலை அப்போதே எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பலசாலிகளைப் பிரித்து வைப்பதானால் சென்ற போட்டியின் முடிவைக் கொண்டுதான் வைக்க வேண்டும். குடும்பப் பெயரைக் கொண்டு அல்ல.

4. நேரம். தோற்றவர் வெளியேறும் முறையில் 32 பேர் ஆடினால் 31 ஆட்டம். ஒருவர் தவிர எல்லோரும் ஒரு தடவை தோற்றாக வேண்டும் அல்லவா? மூன்றில் இரண்டு ஜெயிக்கும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், நான்கு போர்டில் முதல் சுற்றுக்கே நான்கு மணி நேரம். இறுதி வரை மொத்தம் ஒன்பது மணி நேரம். ஒரே நாளில் அடைத்தால் நள்ளிரவில் தூக்கக் கண்ணோடு இறுதி ஆட்டம் நடக்கும். இரண்டு நாளாகப் பிரிப்பதே முறை.

5. நடுவர். வெளியூர்க்காரராகவும் விதி தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முந்துகிறதோ அதில் ஒரு ஆட்டம் முடிகிறது. சிவப்புக் காய்க்கு 3 புள்ளி. ஆனால் 22-ஐத் தொட்டவருக்கு அது கணக்கில் சேராது. ஒரு அடிக்கு 15 விநாடி. நம் தெருவில் சிவப்புக்கு ஐந்து என்றும், வேறு தெருவில் வேறு கணக்கென்றும் ஆடிப் பழகியிருப்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் விதியை உரக்கப் படித்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். டார்ட்ஸ் நடுவரைப் போல ஒவ்வொரு போர்டு முடிந்ததும் புள்ளியைக் கூடத்துக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். நடுவருக்குச் சம்பளமும் சாப்பாடும் முறையாகக் கொடுக்க வேண்டும். இலவசமாக வந்தவரிடம் நாளெல்லாம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

6. பரிசு. அறிவித்த தொகை முழுவதும் போட்டிக்கு முன்பே சங்கத்தில் வந்து சேர வேண்டும். 'முதல் பரிசு பாக்கி, அடுத்த வாரம் வாங்கிக்கொள்' என்ற பேச்சு கூடாது. மொத்தத்தையும் முதல்வருக்கே கொட்டாமல் பகிர வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்கும் பஸ் செலவும் ஒரு வேளைச் சாப்பாடுமாவது கொடுத்து அனுப்ப வேண்டும். சங்கரன்கோவிலில் இருந்தும் புளியங்குடியில் இருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் இருப்பார்.

7. பெண்கள். காசிமாக்கள் வடசென்னையில் மட்டும்தான் பிறப்பார்களா? மாணவிகளுக்குத் தனிப் பிரிவு வைத்து, பகலிலேயே முடித்துவிட வேண்டும்.

8. சூது. பக்கத்தில் நின்று பணம் கட்டுகிறவர்களுக்கு மண்டபத்தில் இடமில்லை. இங்கிலாந்தில் 1908 வாக்கில் டார்ட்ஸ் அதிர்ஷ்ட ஆட்டம் என்று வழக்கு வந்ததாகவும், ஓர் ஆட்டக்காரர் நீதிமன்றத்திலேயே பலகையை மாட்டிக் குறி தவறாமல் எறிந்து, இது திறமை என்று காட்டியதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, சேதி நல்லது. கேரமும் திறமைதான். சூது நுழைந்தால் ஆட்டம் கெடும். பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

9. கணக்கு. வரவு செலவை ஒரு வாரத்துக்குள் எழுதி, ஆட்டம் நடந்த இடத்திலேயே ஒட்ட வேண்டும். மிச்சமிருந்தால் அடுத்த ஆண்டுக்கு நல்ல போர்டு வாங்கி வைக்கலாம்.

'ஐநூறு ரூபாய்க்கு இத்தனை கேள்வியா' என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். ஐநூறு ரூபாய் நமக்குச் சிறிது. அந்தப் போட்டிக்காக மூன்று மாதம் இரவெல்லாம் பழகிய பையனுக்கு அது சிறிதல்ல. உலகம் நியாயமாக நடக்குமா என்பதை அவன் முதன்முதலாகப் பார்க்கும் இடமும் அதுவாக இருக்கலாம்.

1996-இல் மூட்டை தூக்கிய அந்தத் தம்பி இப்போது செங்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் சொந்தமாக மளிகைக்கடை வைத்திருக்கிறார். பருப்பும் புளியும் இன்றும் நம் மண்டியில்தான் எடுக்கிறார். கணக்கில் ஒரு நாள் தவணை தப்பியதில்லை. அந்தப் பேச்சை அவரும் மறுபடி எடுத்ததில்லை, நாமும் எடுத்ததில்லை. நம் சங்கத்தின் உறுப்பினர் ஆகையால் இவ்விதழ் அவர் கடைக்கும் போகும். அவர் படிப்பார்.

தம்பி, இந்தச் சாரலில் நம் போட்டி நடந்தால் குலுக்கல் டின்னை உங்கள் கையில் கொடுக்க எண்ணியிருக்கிறோம். ஒரே ஒரு முறை குலுக்கித் தர வேண்டும்.